பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

போன வாரம் அண்ணன் பொண்ணு வாட்ஸ்ஆப்ல ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பி, "அத்தை இதை நீங்களும் ஃபில் பண்ணிட்டு உங்க ஆபீஸ் குரூப்லயும் போட்டு விட்டுருங்க, எனக்கு 120 வேணும், இன்னும் 41தான் வந்திருக்கு"ன்னு சொன்னா. எம்பிஏ ரெண்டாவது வருஷம். தலைப்பு என்னன்னு பார்த்தா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி தொழிலாளிகளோட வேலை திருப்தி. நான் பனியன் கம்பெனிப் பக்கமே போனதில்லையே கண்ணு, நான் எதுக்கு ஃபில் பண்ணணும்னு கேட்டேன். "அதெல்லாம் யாரு பாக்கறாங்க அத்தை, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க." திட்டலாம்னு வாயைத் திறந்தேன், உடனே நான் எம்பிஏ படிச்சப்ப ஹாஸ்டல் மெஸ்ல ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பேரு நாலு கலர் பேனா வெச்சுக்கிட்டு கடைக்காரங்க சொன்ன மாதிரி 60 ஃபார்ம் நிரப்புனது ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன். அந்த 60 கடைக்காரங்களும் ரொம்ப நியாயமான மனுஷங்க, எல்லா கேள்விக்கும் 3 இல்லைன்னா 4தான் போட்டாங்க.

சரி பாப்போம்னு ஃபார்மைத் திறந்தேன். 30 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5. முதல் வாக்கியமே "கேண்டீன் சாப்பாடும் பஸ் வசதியும் எனக்கு திருப்தியாக உள்ளது". சாப்பாடு நல்லா இருந்து பஸ் மோசமா இருந்தா என்ன கண்ணு போடறதுன்னு கேட்டா "3 போடுங்க அத்தை"ங்கறா. கேண்டீன்ல கல்லு, பஸ்ல சீட்டு, ரெண்டையும் சேத்து ஆட்டி மாவாக்கி 3ன்னு ஊத்திட்டா. அப்புறம் வந்த 41 பேருக்கு சராசரி எடுத்து 3.42ன்னு வேற வெச்சிருந்தா. 3.42ன்னா என்ன சாமி அர்த்தம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டைப்பிங்... டைப்பிங்...ன்னு காட்டுச்சு, அப்புறம் "மாடரேட்லி சேட்டிஸ்ஃபைடு"ன்னு வந்துச்சு. அந்த பதில்தான் என்னை இதை எழுத வெச்சுருச்சு, ஏன்னா நான் மார்க்கெட் ரிசர்ச்ல பதினஞ்சு வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவ, அதுல முதல் ஏழெட்டு வருஷம் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் வீடு வீடா ஏறி இறங்கி கேள்வித்தாள் நிரப்புன ஃபீல்டு ஆளு. ஒரு 3 எப்படிப் பொறக்குதுன்னு வாசப்படியில நின்னு கண்ணால பாத்திருக்கேன்.

காலேஜ்ல மெஷர்மென்ட் அண்ட் ஸ்கேலிங்னு ஒரு யூனிட் வரும், நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோன்னு நாலு கட்டம் போட்டு மனப்பாடம் பண்ண வெப்பாங்க, ஏன் அப்படிப் பிரிச்சாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு நல்ல சண்டை இருக்கு. 1932ல பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் 19 பேரு கொண்ட ஒரு கமிட்டி போட்டுச்சு, இயற்பியல்காரங்க ஒரு பக்கம் உளவியல்காரங்க ஒரு பக்கம். மனுஷனோட உணர்வை, உதாரணமா ஒரு சத்தம் காதுக்கு எவ்வளவு பெருசா கேக்குதுங்கறதை, எண்ணால அளக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. ரெண்டு குச்சியை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சா நீளம் கூடுது, சரி, ரெண்டு சந்தோஷத்தை எப்படிய்யா ஒட்டி வெப்பீங்க, அப்புறம் அதை எப்படி அளவுன்னு சொல்றீங்கன்னு இயற்பியல் தரப்புல கேட்டாங்க. வருஷக்கணக்கா பேசி 1940ல கடைசி அறிக்கை வந்தப்பவும் ஒத்துப் போகல. அவங்க உரசிப் பார்த்த ஒலி அளவுகோல் ஹார்வர்டுல இருந்த எஸ். எஸ். ஸ்டீவன்ஸோடது. அந்த மனுஷன் 1946ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு சின்ன கட்டுரை எழுதி, அளக்கறதுன்னா ஏதோ ஒரு விதிப்படி பொருளுக்கு எண் குடுக்கறது, அவ்வளவுதான், ஆனா எந்த விதிங்கறதைப் பொறுத்து அந்த எண்ணை வெச்சு என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுங்கறது மாறும்னு சொல்லி நாலு வகையாப் பிரிச்சார். சண்டையை முடிக்க வந்த ஒரு சமாதானப் பேச்சைத்தான் நாம ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுக்கிட்டு இருக்கோம்.

நாமினல் சுலபம், மெட்ராஸ்ல 29சி, 21ஜி ரெண்டும் பஸ்ஸு, கூட்டினா 50 வராது. எண்ணு வெறும் பேரு. ஆர்டினல்தான் ஆளை ஏமாத்தும். வரிசை மட்டும் தெரியும், இடைவெளி தெரியாது. நகைக்கடைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா 1812ல மோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் கல்லுங்களோட கடினத்துக்கு 1லருந்து 10 வரைக்கும் வரிசை போட்டார், எது எதைக் கீறுதோ அது மேல. மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே ஜாதிக் கல்லு, ரெண்டுக்கும் 9. வைரம் 10. ஒண்ணுதானே வித்தியாசம்னு நினைப்போம், கருவி வெச்சு நிஜமா அளந்தா வைரம் அதைவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். 1லருந்து 9 வரைக்கும் ஏறுன மொத்த ஏத்தத்தை விட அந்தக் கடைசி ஒரு படி பெருசு. இப்ப சொல்லுங்க, "திருப்தி"க்கும் "மிகவும் திருப்தி"க்கும் நடுவுல இருக்கற படி எவ்வளவு உயரம்?

இன்டர்வல்னா இடைவெளி சமம், ஆனா பூஜ்யம் நாமளா வெச்சது. சென்னையில 40 டிகிரி, ஊட்டியில 20 டிகிரி, அதனால சென்னை ரெண்டு மடங்கு சூடுன்னு சொல்லிடக் கூடாது, அதையே ஃபாரன்ஹீட்ல போட்டா 104, 68, ரெண்டு மடங்கு காணாமப் போயிரும். ரேஷியோ பத்தி சொல்லவே வேண்டாம், ரூபா, கிலோ, மீட்டர், பூஜ்யம்னா நிஜமாவே ஒண்ணுமில்ல. திருப்பூர்ல அந்த மாதிரி சுத்தமான ரேஷியோ அளவு ஒண்ணு எல்லார் வாயிலயும் புழங்குது, அதுக்கு அப்புறம் வரேன்.

இந்த 1-5 சமாச்சாரம் வந்ததும் அதே 1932லதான். ரென்சிஸ் லிக்கர்ட்னு ஒருத்தர், கொலம்பியா பல்கலைக்கழகத்துல பிஎச்டி. நம்ம காலேஜ்ல எல்லாம் லைக்கர்ட் லைக்கர்ட்னுதான் சொல்லுவோம், ஆனா அவர் தன் பேரை லிக்கர்ட்னுதான் சொல்லுவாராம். அவருக்கு முன்னாடி தர்ஸ்டன்னு ஒருத்தர் 1920கள் கடைசியில மனப்பான்மையையும் அளக்கலாம்னு காட்டியிருந்தார், ஆனா அந்த முறை பெரிய வேலை, நூத்துக்கணக்குல வாக்கியம் எழுதி அதை நிறைய நடுவர்கள்கிட்ட குடுத்து 11 குவியலாப் பிரிக்கச் சொல்லி, யார் எந்தக் குவியல்ல போட்டாங்கன்னு கணக்கு பாத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பு கண்டுபிடிக்கணும். லிக்கர்ட் என்ன பண்ணார்னா நடுவரெல்லாம் வேண்டாம், பதில் சொல்றவங்களையே 1லருந்து 5 வரைக்கும் சொல்லச் சொல்லி, ஒரே விஷயத்தைப் பத்தின பல வாக்கியங்களோட மார்க்கைக் கூட்டிருவோம், கிட்டத்தட்ட அதே விடை வருதுன்னு காட்டிட்டார். இதுல எல்லாரும் கோட்டை விடற இடம் அந்த "கூட்டி". லிக்கர்ட் அளவுகோல்னா பல வாக்கியங்களோட கூட்டுத்தொகை. ஒரே ஒரு கேள்விக்கு அஞ்சு கட்டம் போட்டுட்டு லிக்கர்ட் ஸ்கேல் யூஸ் பண்ணிருக்கேன்னு எழுதறது, ஒத்தை இட்லியைத் தட்டுல வெச்சுட்டு டிபன் செட்டுங்கற மாதிரி.

சரி வாசப்படிக்கு வருவோம். எனக்கு முதல் வேலை துணி சோப்பு சர்வே. கேள்வித்தாள் எங்கயோ டெல்லியிலயோ பம்பாயிலயோ இங்கிலீஷ்ல எழுதி, யாரோ தமிழ்ல மாத்தி அனுப்பியிருந்தாங்க. அதுல "வலுவாக ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவும் இல்லை மறுக்கவும் இல்லை"ன்னு அஞ்சு. ஒரு அம்மாகிட்ட அட்டையைக் காட்டி படிச்சேன், வலுவான்னா எப்புடிங்க கண்ணுன்னு கேட்டாங்க. எனக்கும் தெரியல. தமிழ்ல யாரு வலுவா ஒத்துக்கறாங்க? ஆமாங்கன்னு சொல்லுவோம், இல்லீங்கன்னு சொல்லுவோம், ரொம்ப ஆமான்னா ரெண்டு தடவை ஆமா சொல்லுவோம். எங்க சூப்பர்வைசர் அக்கா ஒருத்தங்க, பத்தாவது வரைக்கும் படிச்சவங்கதான், அவங்க எனக்கு ஒரு வித்தை சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சையும் ஒண்ணா நீட்டாத, முதல்ல ஆமாவா இல்லையான்னு கேளு, ஆமான்னா ரொம்பவா கொஞ்சமான்னு கேளு, இல்லைன்னாலும் அதே மாதிரி கேளு, ரெண்டும் இல்லாம முழிச்சா அது 3. அப்படிக் கேட்டா பாட்டிங்க கூட டக்கு டக்குன்னு சொன்னாங்க. பின்னாடி ஆபீஸ் வேலைக்கு வந்தப்பறம் பாத்தா இப்படி ரெண்டு படியா கிளை பிரிச்சுக் கேக்கறதைப் பத்தி ஆராய்ச்சியெல்லாம் இருக்கு, சில சமயம் ஒரே மூச்சுல கேக்கறதை விட நல்ல பதில் வருதுன்னு. அக்காவுக்கு அது தெரியாது, தேவையும் இல்ல.

ஆனா அந்த வித்தையையும் மீறி ஒண்ணு உண்டு. பரவாயில்லை.

எங்க தொழில்ல என்னைப் படுத்துன மாதிரி வேற எந்த வார்த்தையும் படுத்தல. இந்த சோப்பு எப்படிம்மா? பரவாயில்லைங்க. இதை நான் எங்க போடறது? மாமியார் மருமக வெச்ச சாம்பாரைச் சாப்பிட்டுட்டு பரவாயில்லைன்னு சொன்னா அது 5, அதுக்கு மேல அந்த வாயிலருந்து வராது. பையன் மார்க் ஷீட்டைப் பாத்து அப்பா பரவாயில்லைன்னா அது 3, கொஞ்சம் வருத்தத்தோட. காய்ச்சல்ல கிடந்தவர் இப்ப பரவாயில்லைங்கன்னா அது எண்ணே கிடையாது, நேத்தைக்கு இன்னைக்கு மேலுன்னு ஒரு ஒப்பீடு. காலை மிதிச்சுட்டு சாரி சொன்னவங்ககிட்ட பரவாயில்லைங்கன்னா அதுல திருப்தியே இல்ல, மன்னிப்புதான் இருக்கு. ஒரே வார்த்தை, ஒரே மாதிரி எழுத்து, குரல்ல மட்டும் வித்தியாசம். குரலைக் கேள்வித்தாள்ல எழுத இடமில்ல. நாங்க என்ன செஞ்சோம்னா சிலர் 3ன்னு வட்டம் போட்டோம், சிலர் 4ன்னு போட்டோம், ஆளாளுக்கு. அப்புறம் ஈரோட்டுல திருப்தி ஜாஸ்தி கோயம்புத்தூர்ல கம்மின்னு ரிப்போர்ட் வந்தா அது சோப்போட வித்தியாசமா, இல்ல ஈரோட்டுக்குப் போன பொண்ணுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசமா? இதை நான் ஒரு மீட்டிங்ல கேட்டேன், சாம்பிள் பெருசு அதனால சமன் ஆயிரும்னு சொல்லிட்டாங்க. தராசு ஒரு பக்கமா சாஞ்சே இருந்தா ஆயிரம் தடவை நிறுத்தாலும் அது சாஞ்சேதான் நிக்கும், தற்செயலா வர்ற பிழைதான் சாம்பிள் பெருசானா அடங்கும்.

இன்னொண்ணு, வீட்டுக்கு வந்தவளை மனசு நோகடிக்கக் கூடாதுன்னு மனுஷங்களுக்கு ஒரு எண்ணம். வெயில்ல வந்திருக்கியே கண்ணுன்னு மோர் குடுத்துட்டு உக்காருவாங்க, அப்புறம் நான் என்ன கேட்டாலும் ஆமா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க. அந்த சோப்பு என் சோப்புன்னு நினைச்சுக்குவாங்க போல. ஆமாஞ்சாமி பதில்னு நாங்க சொல்லுவோம். அதைப் பிடிக்கத்தான் நடுவுல வேணும்னே திருப்பிப் போட்ட வாக்கியம் வெப்பாங்க, "இந்த சோப்பு கையைப் புண்ணாக்குது" அப்படின்னு. அதுக்கும் ஆமாங்கன்னு வந்தா சரி மோர் பேசுதுன்னு புரிஞ்சுக்கலாம்.

எண்ணே தேவைப்படாத அளவுமுறைங்கதான் ஃபீல்டுல எனக்குப் பிடிச்சது. காபித்தூள் டெஸ்ட் ஒண்ணு பண்ணோம், ரெண்டு தூள், சிக்கரி அளவு மட்டும் வேற. இதுக்கு எத்தனை மார்க்னு கேட்டா யோசிப்பாங்க, இதுல எது நல்லா இருக்குன்னு கேட்டா டம்ளரைக் கீழ வெக்கறதுக்குள்ள பதில் வந்துரும். பொட்டலத்து மேல "ஏ", "பி"ன்னு ஒட்டக் கூடாது, ஏன்னா "ஏ" எழுத்துன்னா ஒசத்தின்னு மனசு முடிவு பண்ணிரும், அதனால 472, 815ன்னு சம்பந்தமே இல்லாத மூணு இலக்க நம்பர். பாதி வீட்டுல இது முதல்ல, பாதி வீட்டுல அது முதல்ல, நடுவுல ஒரு வாய் தண்ணி. ஒரே கஷ்டம், பொருள் கூடக் கூட ஜோடி எகிறிரும், 10 பொருள்னா 45 ஜோடி, அத்தனை காபி குடிச்சா அந்தம்மா ராத்திரி தூங்குமா? அதே மாதிரி கிராமத்துல புளியங்கொட்டை முறை. பத்துக் கொட்டையைக் கையில குடுத்து, சோப்பு வாங்கும்போது விலை, வாசனை, நுரை, கைக்கு இதம் இந்த நாலுல உங்களுக்கு எது எவ்வளவு முக்கியமோ அந்த அளவு வெச்சுப் பிரிச்சு வைங்கன்னு சொன்னா போதும், தரையில உக்காந்து அவ்வளவு கவனமாப் பிரிப்பாங்க. விலைக்கு ஆறு வெச்சுட்டு வாசனைக்கு ரெண்டு வெச்சுட்டு, அப்புறம் விலையிலருந்து ஒண்ணை எடுத்து வாசனைக்கு நகத்தின ஒரு பாட்டியை நான் மறக்கவே மாட்டேன், அந்த ஒரு கொட்டையில எவ்வளவு இருந்துச்சு. இதைத்தான் புத்தகத்துல கான்ஸ்டன்ட் சம் ஸ்கேல்னு ரெண்டு வரியில தாண்டிப் போயிருவாங்க.

நம்பகத்தன்மை, செல்லுபடித்தன்மைன்னு ரெண்டு வார்த்தை பரீட்சைக்கு வரும், ரிலையபிலிட்டி வாலிடிட்டி. பூ விக்கிற அக்கா முழம் போடறதைப் பாத்தா போதும். அவங்க கையி எப்பவும் ஒரே கையி, இன்னைக்குப் போட்ட முழமும் நாளைக்குப் போடற முழமும் ஒண்ணாத்தான் இருக்கும், ரிலையபிலிட்டி சூப்பர். ஆனா அந்தக் கை சின்னக் கையா இருந்தா நமக்கு எப்பவும் ஒரே மாதிரி கம்மியாத்தான் கிடைக்கும். நம்ம ப்ராஜெக்ட்ல எல்லாம் எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல குரோன்பாக் ஆல்ஃபா பாத்து 0.7க்கு மேல இருக்குன்னு ஒரு வரி எழுதி நிம்மதியாயிருவாங்க. குரோன்பாக் அதை 1951ல எழுதினார், கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மட்டும்தான் அது சொல்லும். சம்பளம் திருப்தியா, வாங்கற சம்பளம் மகிழ்ச்சி தருதா, ஊதியம் மனநிறைவா இருக்கான்னு ஒரே கேள்வியை அஞ்சு வேஷம் போட்டுக் கேட்டா ஆல்ஃபா 0.95 வரும். வேலை திருப்தியை அளந்தோமா? ஒரு முழத்தை அஞ்சு தடவை அளந்திருக்கோம்.

வாலிடிட்டிக்கு எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊருக்கே உரிய உதாரணம் ஒண்ணு இருக்கு. ஒரு குடும்பம் வசதியானதா இல்லையான்னு தெரிஞ்சுக்க இந்தியாவுல மார்க்கெட் ரிசர்ச்காரங்க வருமானத்தைக் கேக்க மாட்டாங்க, கேட்டா உண்மை வராது, பாதிப்பேரு இன்கம் டாக்ஸான்னு கேப்பாங்க. அதனால 2011ல என்சிசிஎஸ்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, வீட்டுல முக்கியமா சம்பாதிக்கறவங்க என்ன படிச்சிருக்காங்க, 11 பொருள் பட்டியல்ல எத்தனை வீட்டுல இருக்கு, இந்த ரெண்டை மட்டும் வெச்சு ஏ1லருந்து இ3 வரைக்கும் 12 தரம். கரண்ட் கனெக்‌ஷன், சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் இல்லைன்னா லேப்டாப், கார், ஏசி, விவசாய நிலம். நல்ல யோசனைதான், வாங்குன பொருள் பொய் சொல்லாது. ஆனா நம்ம ஊர்ல 2006லருந்து அரசாங்கமே இலவசமா கலர் டிவி குடுத்துச்சு. 2011லருந்து பிளஸ் டூ பசங்களுக்கு லேப்டாப்பும் குடுத்துச்சு. ஓட்டு வீட்டுல, ஒழுகற கூரைக்குக் கீழ ஒரு கலர் டிவியும் ஒரு லேப்டாப்பும் இருக்கற வீடுங்களை நான் எத்தனையோ பாத்திருக்கேன். 11ல ரெண்டு டிக் விழுந்துருச்சு, அது அந்தக் குடும்பத்தோட வாங்கற சக்தியா, இல்ல ரேஷன் கார்டோட சக்தியா? பட்டியல்ல தப்பில்ல, பல ஊருக்கு அது சரியாவே வேலை செய்யும். இங்க அதே கேள்வி வேற எதையோ சேத்து அளந்துருச்சு. குச்சி அதேதான், ஊரு மாறுனதும் அது காட்டற பொருள் மாறிருச்சு.

நம்மாளு ஒருத்தரையும் சொல்லணும். சேவைத் தரத்தை அளக்க உலகம் முழுக்க எம்பிஏ பசங்க காப்பி அடிக்கற சர்வ்குவால், அதை 1988ல உருவாக்குன மூணு பேர்ல முதல் பேரு பரசுராமன், சென்னை ஐஐடியில படிச்சவர். 22 வாக்கியம், அதையே ரெண்டு தடவை கேக்கணும், நல்ல கம்பெனின்னா எப்படி இருக்கணும்னு எதிர்பாக்கறீங்கன்னு ஒரு தடவை, இந்தக் கம்பெனி எப்படி இருக்குன்னு ஒரு தடவை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரம். பரவாயில்லைங்கற வார்த்தைக்குள்ள இருக்கற அதே விஷயம்னு எனக்குத் தோணும், எதை எதிர்பாத்தோமோ அதோட ஒப்பிட்டுத்தான் மனுஷன் வாயைத் திறக்கறான். பசங்க பாதிப்பேரு எதிர்பார்ப்புப் பகுதியைத் தூக்கிட்டு மீதியை மட்டும் கேட்டுட்டு சர்வ்குவால்னு எழுதிருவாங்க. அது தப்புன்னும் ஒரேயடியா சொல்ல முடியாது, எதிர்பார்ப்பைக் கேக்கவே வேண்டாம், அனுபவத்தை மட்டும் அளந்தா போதும்னு 1992லயே குரோனினும் டெய்லரும் வாதாடுனாங்க, அதுக்கு சர்வ்பெர்ஃப்னு பேரு. எடுத்ததுக்கு சரியான பேரையாவது எழுதலாம்.

அப்புறம் இந்த 0லருந்து 10. "எங்களை உங்க நண்பர்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களா"ன்னு பேங்க்லருந்து பீட்சா கடை வரைக்கும் கேக்கறாங்களே, அது 2003 டிசம்பர்ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுல ஃபிரெட் ரைக்கெல்ட் எழுதின கட்டுரையிலருந்து வந்தது. 9, 10 போட்டா நீங்க அவங்களை ஊருக்குப் பரப்பறவங்க, 7, 8 போட்டா கணக்குலயே இல்ல, 0லருந்து 6 வரைக்கும் போட்டா குறை சொல்லித் திரியறவங்க. முதல் கூட்டத்தோட சதவீதத்துலருந்து கடைசிக் கூட்டத்தோட சதவீதத்தைக் கழிச்சா ஒரு எண். இதை முதல்ல பயிற்சியில கேட்டப்ப நான் சிரிச்சுட்டேன், ஏன்னா நம்ம ஊர்ல 35 எடுத்தா பாஸ், 60 எடுத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ். பத்துக்கு ஆறு போட்ட ஒரு தமிழ் வாத்தியாரு உங்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் குடுத்துட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போறார், அங்க கம்ப்யூட்டர்ல அவர் பேருக்கு நேரா எதிரின்னு விழுது.

இதோட அடுத்த கட்டம் எனக்கே நடந்துச்சு. ஸ்கூட்டர் சர்வீஸ் விட்டேன். வண்டியை எடுக்கப் போனப்ப அந்தத் தம்பி, வேலையைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே, "மேடம் நாளைக்கு ஒரு கால் வரும், 10 சொல்லிருங்க, 9 சொன்னாக் கூட எனக்கு இன்சென்டிவ் போயிரும்"னான். பிரேக்கு அப்படியேதான் கிறீச்சுன்னு இருந்துச்சு. நானும் கால் வந்தப்ப 10ன்னுதான் சொன்னேன், அந்தப் பையன் சம்பளத்தை நான் எதுக்குக் கெடுக்கணும். அப்ப அந்த 10 எதை அளந்துச்சு? என் இரக்கத்தை. எங்கயோ ஒரு ஏசி ரூம்ல யாரோ அதை பவர்பாயின்ட்ல பச்சைக் கலர்ல காட்டிக்கிட்டு இருப்பாங்க. இத்தனைக்கும் அந்தக் கேள்வியை வேற வேலைக்கு யூஸ் பண்ணியிருந்தா, அதாவது தம்பியோட சம்பளத்தோட கட்டாம இருந்திருந்தா, நான் 6ன்னு சொல்லி பிரேக்கைப் பத்தியும் சொல்லியிருப்பேன்.

அதனால மருமகளே, 3.42க்கு வருவோம். நூறு பேரு 3 போட்டாலும் சராசரி 3, அம்பது பேரு 1 போட்டு அம்பது பேரு 5 போட்டாலும் சராசரி 3, முதல் கம்பெனியில எல்லாரும் தூங்கறாங்க, ரெண்டாவது கம்பெனியில நாளைக்கு ஸ்ட்ரைக்கு. சராசரி எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தச் சண்டை ஸ்டீவன்ஸ் காலத்துலருந்து இன்னும் நடக்குது. 1953லயே லார்டுன்னு ஒரு புள்ளியியல்காரர் ஃபுட்பால் சட்டை நம்பருக்கெல்லாம் சராசரி போட்டு ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார், எண்ணுக்கு தான் எங்கருந்து வந்தோம்னு ஞாபகம் இருக்காது, கூட்டுனா கூடும்னு. எண்ணுக்கு ஞாபகம் இல்லாட்டி போகுது, எடுத்துட்டு வந்தவளுக்கு இருக்கணும்ல? பல வாக்கியத்தைக் கூட்டுன மொத்த மார்க்னா சராசரி எடுத்துட்டுப் போ, ஒத்தை வாக்கியம்னா எத்தனை பேரு எந்தக் கட்டத்துலன்னு சதவீதம் குடு, நாங்கெல்லாம் டாப் டூ பாக்ஸ்னு 4, 5 போட்டவங்களை மட்டும் எண்ணித்தான் கிளையன்ட்டுக்குக் காட்டுவோம், கிளையன்ட்டுக்கும் அதுதான் புரியும்.

இவ்வளவையும் வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன், பாவம், பதினோரு மெசேஜ். அவ கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். "அப்ப நான் என்னதான் கேக்கறது அத்தை"ன்னு கேட்டா. அந்த ஊரு ஏற்கனவே எதை வெச்சு அளக்குதோ அதைக் கேளுன்னு சொன்னேன். திருப்பூர்ல யார்கிட்டயும் எவ்வளவு நேரம் வேலைன்னு கேக்க வேண்டாம், ஒரு ஷிஃப்ட்டு, ஒன்றரை ஷிஃப்ட்டுன்னு அவங்களே சொல்லுவாங்க, பலருக்குக் கூலியும் அதுலதான். அதுல பூஜ்யம் நிஜமான பூஜ்யம், மூணு ஷிஃப்ட்டுங்கறது ஒன்றரைக்கு ரெண்டு மடங்குன்னு தைரியமா சொல்லலாம். வேலைப்பளு திருப்தியான்னு கேக்கறதுக்குப் பதிலா போன வாரம் எத்தனை ஷிஃப்ட்டு பாத்தீங்க, அதுல எத்தனை நீங்களா கேட்டு வாங்குனது, போன தீபாவளிக்கு அப்புறம் எத்தனை கம்பெனி மாறுனீங்கன்னு கேளு. பாதி டேபிள்ல ஒடிசா, பீகார் ஆளுங்க, அவங்களுக்கு உன் தமிழ் ஃபார்ம் எதுக்கு ஆகும், ஹிந்தி தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போ. கூகுள் ஃபார்மை மூடிட்டு நேர்ல போய் பத்துப் பேருகிட்ட பேசிப் பாத்துட்டு அப்புறம் கேள்வியை எழுது.

போனா. நிஜமாவே போனா, எனக்கே ஆச்சரியம். டீ டைம்ல கம்பெனி கேட்டுக்கு வெளிய பேக்கரியில நின்னு பேசியிருக்கா, ஓவர்லாக் டைலர் ரெண்டு பேரு, செக்கிங் அக்கா நாலு பேரு, டைலருக்கு உதவியா இருக்கற ஒரு கைமடிப் பொண்ணு, ஒடிசா பசங்க மூணு பேரு. நேத்து ராத்திரி போன் பண்ணினா. செக்கிங்ல ஒரு அக்கா, நாற்பது வயசு இருக்கும், இவ 30லருந்து 14ஆ குறைச்சு எடுத்துட்டுப் போன வாக்கியம் அத்தனைக்கும் ஒண்ணு விடாம பரவாயில்லை கண்ணு, பரவாயில்லை கண்ணுன்னே சொன்னாங்களாம், இவளும் 14 தடவை 3ன்னு வட்டம் போட்டிருக்கா. கடைசியா ஃபார்மை மடிச்சு பேகுல வெச்சுட்டு சும்மா பேச்சுக்கு, அடுத்த வருஷமும் இங்கதானே அக்கா இருப்பீங்கன்னு கேட்டிருக்கா. அந்த அக்கா பன்னை டீயில தொட்டுக்கிட்டே, "தீபாவளி போனஸ் வாங்கிட்டு நின்னுக்குவேன் கண்ணு, இங்க எவன் இருப்பான்"னாங்களாம்.

"அத்தை, இதை நான் எந்தக் கட்டத்துல போடறது?"

புதுசா ஒரு கட்டம் போட்டுக்கோ, அவங்க சொன்னதை அப்படியே எழுதி வைன்னு சொன்னேன். ப்ராஜெக்ட் கைடு ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு நம்பர் கேப்பாராம். கேக்கட்டும், ஃபார்மை மடிச்சதுக்கு அப்புறம் கேட்ட அந்தக் கேள்வியை மீதி ஒன்பது பேருகிட்டயும் முதல்ல போய்க் கேட்டுட்டு வான்னு சொல்லியிருக்கேன். செவ்வாய்க்கிழமை டீ டைமுக்குப் போறாளாம்.